புழு தின்னும் சத்தம்

வரப்போரத்தில் வெட்டியிருக்க மாட்டேன். கருக்கலில் அரிவாளோடு இறங்கினபோது நடு வரிசையில்தான் கால் வைத்தேன், சொட்டுநீர்க் குழாய் பிய்ந்து எப்போதும் சதசதவென்று கிடக்கிற இடம், செருப்பில் சேறு அப்பிக்கொண்டது, இதோ காய்ந்துபோய் இன்னும் ஒட்டியிருக்கிறது, அதனால் நடு வரிசைதான். சரி. அது முதல் கட்டு இலை. இரண்டாவது கட்டும் அங்கேதான், அரிவாளைத் தீட்டக் கல்லைத் தேடினது ஞாபகம் இருக்கிறது. கடைசிக் கட்டு எங்கே வெட்டினது? அதைக் கேட்டால் மட்டும் தலைக்குள் ஒன்றுமே இல்லை. கை வெட்டியிருக்கிறது, கை கட்டியிருக்கிறது, தலை சுமந்துகொண்டு வந்திருக்கிறது, நான் அங்கே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் தெரியுமா என்றால் அதுவும் தெரியாது, நேற்று இவர் வெட்டினார், முந்தாநாள் நான் வெட்டினேன், எல்லா வரிசையிலும் மொட்டைத் தண்டுதான் நிற்கிறது, வெட்டின வாயில் வடிந்த பால் இந்தப் பங்குனி வெயிலில் எப்போதோ உலர்ந்திருக்கும். இந்த ஷெட் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாலே மேற்கு வரப்பு கண்ணுக்குத் தெரிகிறது. வரப்புக்கு அந்தப் பக்கம் குப்பண்ணனின் கத்திரிக்காய். அவர் நேற்றுப் பொழுதோடு அதற்கு மருந்தடித்தாரா இல்லையா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும். அடித்திருந்தால் காற்று இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கும், வரப்போரத்து மல்பெரி இலையில் படிந்திருக்கும், அந்த இலையை நான் வெட்டியிருந்தால் ஷெட்டுக்குள் பட்டுப்புழு செத்துக்கொண்டிருக்கும். அடிக்காமல் இருந்தால் ஒன்றுமில்லை, நான் பாட்டுக்குக் கொஞ்சம் கண்ணை மூடலாம். இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் உட்கார்ந்ததிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கண்ணை மூடக் கூடாது. மூடினால் எழுந்திருக்க மாட்டேன். இவர் வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறார், வாய் திறந்திருக்கிறது, ஈ உட்கார்ந்தால்கூடத் தெரியாது, இப்போது அவருடைய தூக்கம், அப்புறம் என்னுடைய தூக்கம், அப்படித்தான் பேச்சு. பேச்சு என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. நாலாவது தூக்கம் முடித்து எழுந்த புழுவுக்குப் பேச்செல்லாம் தெரியுமா? வந்தபோது எறும்பு மாதிரி இருந்தது, தின்றது, தூங்கியது, தோலை உரித்துவிட்டு மறுபடி தின்றது, இப்படி நாலு முறை ஒழுங்காகத் தூங்கி எழுந்துவிட்டு அதற்கப்புறம் தூக்கம் என்பதையே மறந்துவிட்டு ராவும் பகலும் தின்கிறது, சுண்டுவிரல் மொத்தம் வந்துவிட்டது. நான் ஒரு முறைகூட ஒழுங்காகத் தூங்கவில்லை. தோலும் உரியவில்லை, கை மட்டும் உரிகிறது, மல்பெரிப் பால் பட்டு விரல் எல்லாம் கருத்து வெடிப்பு வெடிப்பாக. சோற்றைப் பிசைந்தால் எரிகிறது. உள்ளே சத்தம் கேட்கிறது, ஓலைக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. அத்தனை வாயும் ஒரே நேரத்தில் இலையைத் தின்கிற சத்தம். முதல் தடவை கேட்டபோது மழை வந்துவிட்டதென்று துணி எடுக்க வெளியே ஓடினேன், இவர் சிரித்தார், ஷெட் புதுசு, செடி புதுசு, அப்போதெல்லாம் இவர் சிரிப்பார். இப்போது சோறு தின்னும்போதும் அந்தச் சத்தம் காதுக்குள் இருக்கிறது, தண்ணி மோட்டர் ஓடினாலும் அதற்கு அடியில் இருக்கிறது. இன்னும் இரண்டு நாள். பழுக்கிற வரைக்கும் இரண்டு நாள். பழுத்துவிட்டால் தின்கிறதை நிறுத்திவிடும், தலையைத் தூக்கிக்கொண்டு கூடு கட்ட இடம் தேடும், ஷெட்டில் சத்தமே இருக்காது, அந்த அமைதிக்காகத்தான் இத்தனை பாடும். இரண்டு நாள் என்று சொல்லிக்கொண்டால் கால் கேட்கிறது, எந்த இரண்டு நாள் என்று.

கையை மூக்கில் வைத்துப் பார்க்கிறேன். இலைப் பால் வாசனை, சுண்ணாம்பு, வியர்வை. கடைசிக் கட்டைத் தலையில் ஏற்றும்போது ஏதோ ஒன்று மூக்கில் ஏறியது, அதுவும் நிஜமா என்று சொல்ல முடியவில்லை. என் மூக்கு இப்போது சாதாரண மூக்கில்லை. புழு இருக்கிற வீட்டில் பவுடர் கிடையாது, பூ கிடையாது, ஊதுபத்தி கிடையாது, கொசுவர்த்தி கிடையாது, இவர் புகையிலையை விட்டதே புழுவுக்காகத்தான், எனக்காகச் சொல்லிப் பார்த்தபோது விடாத மனிதர். மாரியம்மன் நோம்பிக்கு ஊரே பூ வைத்துக்கொண்டு போனது, நான் பூவில்லாத வெறுந்தலையோடு இந்தச் சுவரோரம் நின்று கொட்டுச் சத்தத்தைக் கேட்டேன். இப்படி ஒரு வாசனையும் இல்லாமல் கிடந்த மூக்கில் ஏதாவது லேசாக ஏறினாலும் பெரிசாகத் தெரியும். போன வாரம் மௌனிகா கோயமுத்தூரிலிருந்து வந்தபோது பஸ்ஸை விட்டு இறங்கினதுமே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. நர்ஸ் படிப்புக்குப் போனதிலிருந்து என்னமோ ஒரு சென்ட். பேர்தான் மௌனிகா, வாய் ஓயாது. நேரே ஷெட்டுக்கு ஓடிவந்தாள், நான் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன். "குளிச்சுட்டு வா, துணி மாத்தீட்டு வா, அப்பறம் பாக்கலாம்" என்றேன். "ஏம்மா, ஒரு மாசங் களிச்சு வர்றேன், என்னையவிட உனக்குப் புழுதான் பெருசா?" என்றாள். "நீ தலைய ஆட்டுனா ஆசுபத்திரிக்குக் கூட்டீட்டுப் போலாம் கண்ணு. அது தலைய ஆட்டுனா குழிதான்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டு நேரே படுத்துவிட்டாள், ஷெட் பக்கம் வரவேயில்லை. மறுநாள் பஸ் ஏற்றிவிடக்கூட நான் போகவில்லை, தீனி போடுகிற நேரம். அந்த வாசனை நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம்.

மருந்து பட்ட இலையைத் தின்றாலும் புழு தலையைத்தான் ஆட்டும். பச்சைத் தண்ணி கக்கும், உடம்பைச் சுருக்கும், இலையை விட்டு வாயை எடுத்துவிடும். அதற்காகத்தானே வரப்போரத்து இலையைப் பொதுவில் போட மாட்டோம், ஒரு முறத்தில் நாலைந்து புழுவை எடுத்து வைத்து, ஒரு கொப்பைப் போட்டு, பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்ப்போம், நன்றாகத் தின்றுவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தால்தான் மற்றதுக்கெல்லாம். இது எனக்குத் தெரியாததா? நான்தான் இவருக்கே சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்குப் போட்டுப் பார்க்கவில்லை. காலைத் தீனிக்கு நேற்று வெட்டினது இருந்தது, மத்தியானத்துக்கு இன்று வெட்டினதை ஈரத்துணியைத் தள்ளி எடுத்தேன், முறத்தையும் எடுத்தேன், அது ஞாபகம் இருக்கிறது, முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், குந்தி உட்கார்ந்தால் அப்படியே சாய்ந்துவிடுவேன் என்று தோன்றியது. நடு வரிசை இலைதானே, இதற்கெதற்குச் சோதனை என்று முறத்தை மாட்டிவிட்டேன். கிழக்குத் தட்டிலிருந்து ஆரம்பித்துப் போட்டுக்கொண்டே போய், கடைசிக் கட்டை மேற்குக் கோடி அடித்தட்டில் போட்டு முடித்துவிட்டு, கதவைச் சாத்தி ஈரச் சாக்கை இழுத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் குப்பண்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

குப்பண்ணன் நேற்று வந்தாரா? இதுதான். இதே இடத்தில்தான் நேற்றும் உட்கார்ந்திருந்தேன், இவர் உடுமலைக்குச் சுண்ணாம்புத்தூள் வாங்கப் போயிருந்தார், வெயில் கண்ணைக் குத்தியது, முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். அப்புறம் முந்தானைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நிழல். "துளசி, கத்திரியில காய்ப்புழு சொல்லி முடியாது. பொழுதோட மருந்தடிச்சுப் போடறேன். உங்க மேவரப்போரம் நாலு சாலு மட்டும் உட்டுட்டு அக்கட்டால வெட்டிக்க கண்ணு, என்ன?" நான் "சரிங்கண்ணா" என்றேன். சொன்னேனா? சொன்னதாகத்தான் காதில் இருக்கிறது. ஆனால் அதே முந்தானைக்குள் எங்கள் அம்மாவும் வந்தாள், அம்மா செத்து வருடக்கணக்காகிறது, வந்து, அடுப்பில் பால் பொங்குது பாரு என்றாள், அதற்கும் நான் சரி என்றுதான் சொன்னேன். அம்மா வந்தது கனவென்றால் குப்பண்ணன் வந்ததும் கனவாகத்தானே இருக்கவேண்டும்? குப்பண்ணன் அப்படித் திடுதிப்பென்று மருந்தடிக்கிற ஆளும் இல்லை. ஷெட்டில் புழு இறக்கினால் அக்கம்பக்கத்துத் தோட்டத்துக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும், அது எங்களுக்கு வழக்கம், கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி, புழு எறக்கியிருக்கறமுங்க, பாத்துக்கங்க என்று. சொல்லிவிட்டால் அவர்கள் பக்கத்து ஒழுங்கு, மருந்தடிக்கிற அன்றைக்கு வந்து சொல்லிவிட்டு அடிப்பது. இவரும் நானும் போய்ச் சொன்னோம். குப்பண்ணன் மோர் கொடுத்தார். அவர் வாக்குத் தவறாத ஆள், அதனால் அடித்திருந்தால் வந்து சொல்லியிருப்பார், வந்து சொன்னாரா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை, ஆகமொத்தம் திரும்ப அதே முளைக்குச்சியைத்தான் சுற்றுகிறேன். போன் போட்டுக் கேட்கலாம். போன் வீட்டுக்குள் சார்ஜில் கிடக்கிறது. வீடு இதோ இருக்கிறது. கூப்பிட்டு, அண்ணா நேத்து நீங்க வந்தீங்களா, நான் முழிச்சுட்டு இருந்தனா என்று கேட்டால் அந்த மனிதர் என்ன நினைப்பார்? நினைத்துக்கொள்ளட்டும். அதுக்காக எழுந்திருக்காமல் இல்லை. அடித்தேன் என்று சொல்லிவிட்டால்? அதுதான் பயம். கேட்காதவரைக்கும் பாதி கனவாகவாவது இருக்கிறது.

போன கோடையில் எடுத்த குழி இங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது, அந்த இடத்தில் மட்டும் அருகம்புல் நன்றாகத் தழைத்திருக்கிறது. அது மருந்தில்லை, வெயில். கூரைக்கு மேலே தென்னங்கீற்றுப் போட்டோம், சாக்கை நனைத்து நனைத்துத் தொங்கவிட்டோம், அப்படியும் ஒரே மத்தியானத்தில் எல்லாம் தொய்ந்துபோய்க் கிடந்தது. உரச்சாக்கில் வாரி வாரி இவர் தூக்கிக்கொண்டு போனார், நான் சுண்ணாம்பு தூவினேன். அழுகிப்போன நாற்றம், எத்தனை குளித்தாலும் தலைமயிரில் நின்றது. மூடி முடித்து மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவர் சொன்னார்: "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா செடியப் பூராத் தோண்டிப் போட்டுட்டு மில்லுக்குப் போயிர்றேன். இதுகளுக்கு ஊழியம் பண்ண இனி என்னால ஆவாது துளசி." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, இரண்டு நாளில் ஆறிவிடும். இவர் கோபமே இல்லாமல் சொன்னார். சொன்னால் செய்கிற ஆள். மில் என்றால் நைட் ஷிப்ட், பஞ்சுத் தூசி, இவருக்கு ஏற்கெனவே இருமல். தோட்டம் சும்மா கிடக்கும், நான் யார் தோட்டத்துக்காவது களை வெட்டப் போகவேண்டும். புழு வளர்க்கலாம் என்ற யோசனையே என்னுடையது. இவர் எப்போதும் போல மக்காச்சோளம் போடலாம் என்றார், நான்தான் எங்கள் சின்னம்மா ஊரில் பார்த்துவிட்டு வந்து, ஒரே மாதத்தில் கூடு கையில் நிற்கும், நம்ம தோட்டத்துக்கு நாமே எஜமான் என்று பேசிப் பேசிக் கரைத்தேன். எஜமானியம்மா இதோ உட்கார்ந்திருக்கிறாள், கவிழ்த்துப் போட்ட கிரேட்டு மேல். இந்த முறை எதுவும் ஆகக் கூடாது. இந்த முறை ஆனால் வெயில்மேல் பழி போட முடியாது. போட்டுப் பார்க்காமல் போட்டது நான்.

சத்தம் குறைகிற மாதிரி இருக்கிறது. தலையைத் திருப்பிக் காதைச் சுவரில் வைத்தேன். சுவர் சுடுகிறது. இருக்கிறது, சத்தம் இருக்கிறது, ஆனால் தூறல் விட்டு விட்டு விழுகிறது. குப்பண்ணன் தோட்டத்து மோட்டர் வேறு ஓடுகிறது, அதனால் அப்படித் தோன்றும். இலை தீர்ந்துபோயிருக்குமோ? இல்லை, இவ்வளவு சீக்கிரம் தீராது, மொத்தமாகத்தானே போட்டேன். பழுத்திருக்குமோ? அதற்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நேற்று இந்த நேரத்துக்கு இதே சுவரில் முதுகு வைத்திருந்தபோது முதுகுக்கே அந்தச் சத்தம் தெரிந்தது, சாமியாடுகிற ஆள் உடம்பில் நடுக்கம் ஓடுகிற மாதிரி. இப்போது முதுகுக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவைத் திறந்து பார்க்கலாம். உச்சி வெயிலில் கதவைத் திறக்கக் கூடாது, அனல் உள்ளே போய்விடும், இதுவும் நான் இவருக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். நல்ல சாக்கு. ஒழுங்கெல்லாம் எனக்கு உட்கார்ந்திருக்கத் தோதாகத்தான் வந்து அமைகிறது. பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதுதான் நிஜம். சத்தம் இன்னும் குறைகிறது. குறையக் குறைய எனக்குள் என்னமோ ஒன்று இளகுகிறது, தோள் இறங்குகிறது, தாடை விட்டுப்போகிறது, கண் சொருகுகிறது. நின்றுவிட்டால் இன்றைக்குப் பொழுதோடு தீனி போடவேண்டாம். ராத்திரி போடவேண்டாம். நாளைக்குக் கருக்கலில் அரிவாளைத் தொடவேண்டாம். குழி வெட்டவேண்டும், ஆனால் அது ஒரே வேலை, வெட்டி மூடினால் முடிந்தது. அப்புறம் தலைக்குக் குளித்து, பூ வைத்துக்கொண்டு, பாயை விரித்து, ஒரு பகல், ஒரு ராத்திரி, இன்னொரு பகல். செத்துத் தொலையட்டுமே. செத்துத்தான் போகட்டுமே எல்லாம்.

யார் சொன்னது அது? சுற்றிப் பார்த்தேன். கட்டிலில் இவர் அப்படியே கிடக்கிறார். நான்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் அரைகுறைத் தூக்கத்தில் சொன்னதும் இல்லை, இப்போதுதான் நன்றாக முழித்திருக்கிறேன், நேற்றிலிருந்து இவ்வளவு தெளிவாக ஒன்றும் நினைத்ததில்லை. சீ. என்ன பொம்பளை நான்? கைக்குழந்தையாக மௌனிகா ராத்திரி முழுக்க வீறிடுவாளே, அப்போதுகூட ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வேண்டாம், அதை நினைக்கக் கூடாது. அவள் அழுகையை நிறுத்தியதும் பதறிப்போய் மூக்கில் விரல் வைத்து மூச்சுப் பார்த்தேன் இல்லையா, அதுவும் நான்தானே. இந்தப் புழுவை நான் ஒன்றும் வெறுக்கவில்லை. விடியற்காலையில் கொப்பைப் போட்டதும் அத்தனையும் மேலே ஏறி வரும், குளிர்ந்த உடம்பு, கையில் எடுத்தால் காலால் மெதுவாகப் பிடித்துக்கொள்ளும், கடிக்காது, சத்தம் போடாது, ஓர் உயிருக்கும் கெடுதல் நினைக்காது. நான் கொடுக்கிற இலையைத் தின்னும், நான் எதைக் கொடுத்தாலும் தின்னும். மாடாவது மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும், ஆட்டுக்கு எது கசப்பென்று தெரியும், இதற்கு என்னைத் தவிர மூக்கும் இல்லை கண்ணும் இல்லை.

குப்பண்ணன் தோட்டத்து மோட்டர் நின்றது. நின்றதும் எல்லாம் காதுக்குத் தெளிந்தது, வேப்பமரத்தில் அணில், எங்கேயோ ஒரு பஸ், இவருடைய குறட்டை. ஷெட்டுக்குள் சத்தம் இல்லை. காதைச் சுவரில் அழுத்திவைத்தேன், கன்னம் சுட்டது. இல்லை. அப்போதுதான் கிரேட்டுக்குப் பின்னால், சுவரோரம், தரையில் தண்ணிச் சொம்பைப் பார்த்தேன். கவிழ்த்து வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் தண்ணி குடித்துவிட்டுச் சொம்பை யாரும் கவிழ்த்து வைக்க மாட்டோம், அப்படியே உருட்டிவிடுவோம், அதற்காகவே எங்கள் அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன். குடித்துவிட்டுக் கவிழ்த்து வைக்கிறவர் ஒரே ஆள்தான், எந்த வீட்டுக்குப் போனாலும், நல்லது கெட்டது எதுவானாலும். நேற்று வெயிலில் நடந்துவந்து, என்னிடம் சொல்லிவிட்டு, நான் சரிங்கண்ணா என்றதும் தண்ணித் தொட்டியில் சொம்பு முக்கிக் குடித்துவிட்டு, கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அம்மா வந்தது கனவு. குப்பண்ணன் வந்தது நிஜம்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. ஈரச் சாக்கைத் தள்ளி, உள்ளே போகுமுன் மிதிக்க வாசலில் வைத்திருக்கிற சுண்ணாம்புத் தட்டில் காலை வைத்து, அந்த அவசரத்திலும் இரண்டு காலையும் வைத்தேன், கதவைத் திறந்தேன். உள்ளே ஒரே இருட்டு, வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இலை வாசனை. சத்தம் இல்லாத ஷெட் எவ்வளவு பெரிசாக இருக்கிறது. மெதுவாகத் தட்டுகள் தெரிந்தன, இலை தெரிந்தது, பாதி தின்னாமல் கிடந்த இலை, அதன்மேல் புழு, எல்லாப் புழுவும் தலையைத் தூக்கியிருந்தது. தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தது. தட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆயிற்று, முடித்துவிட்டேன், ஒரு ஷெட் நிறைய, நான் கேட்டேன், கேட்டது கிடைத்துவிட்டது. முகத்துக்கு நேரே இருந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது, போகிற உயிரைக் கையிலாவது வைத்திருக்கலாம் என்றா? அது விரலைப் பிடித்துக்கொண்டது. நன்றாகத்தான் பிடித்தது. வாயில் பச்சைத் தண்ணி இல்லை. கதவு இடுக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், வெளிச்சம் உடம்புக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது, தேன் நிறத்தில், கண்ணாடி வளையல் மாதிரி. வாயிலிருந்து ஒரு நூல், ஒட்டடை நூல் கனத்துக்குக்கூட இல்லை, என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு நீண்டது.

பழுத்துவிட்டது. சாகவில்லை, பழுத்துவிட்டது. வெயில் காலத்தில் முன்னாடியே பழுக்கும் என்று புழு கொடுத்தவர்கள் படித்துப் படித்துச் சொன்னார்கள், நான்தான் இரண்டு நாள், இரண்டு நாள் என்று பாராயணம் பண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த தட்டு, பழுத்திருந்தது. அதற்கடுத்தது, பழுத்திருந்தது. என்னையறியாமல் அழுதுகொண்டே போனேன், துடைக்கவில்லை, கை பூராவும் புழு வாசனை. மேற்குக் கோடிக்கு வந்து குனிந்தேன். அடித்தட்டில் எதுவும் தலையைத் தூக்கவில்லை. கடைசிக் கட்டு இலைமேல் சுருண்டு சுருண்டு கிடந்தன, பாதி உடம்பாகச் சுருங்கி, வாயோரம் பச்சையாக. ஒன்றிரண்டு மட்டும் வாலை அசைத்தன. அவையும் மற்றவை மாதிரி இன்றைக்குப் பழுத்திருக்கவேண்டியவை. இன்னும் கொஞ்ச நேரம் பட்டினியாக விட்டிருந்தால்கூடப் பிழைத்திருக்கும், நான் போட்டுவிட்டேன், அவை தின்றுவிட்டன. நான் கேட்டது ஒரு தட்டுக்குக் கிடைத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது, முன்னாலும் மேலேயும் மற்றவையெல்லாம் சத்தமில்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு இடம் தேடிக்கொண்டிருந்தன, தேட விடக் கூடாது, சீக்கிரம் கூடு கட்டும் தட்டிகளைக் கொண்டுவந்து வைக்கவேண்டும், இல்லையென்றால் இலையிலேயே நூலைக் கக்கி வீணாக்கிவிடும்.

வெளியே போய் இவர் தோளைத் தொட்டேன்.

"ஏனுங்க. எந்திரிங்க. பழுத்துப் போச்சு."

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "நாளானிக்குத்தான?"

"இன்னைக்கே. பூராவும் தலையத் தூக்கிடுச்சு."

எழுந்து உட்கார்ந்தார். கயிற்றின் தடம் கன்னத்தில் பதிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தார்.

"அதுக்கு எதுக்கு அளுவற?"

"மேக்குக் கோடி அடித்தட்டு போச்சுங்க. குப்பண்ணன் மருந்தடிக்கறேன்னு நேத்து வந்து சொல்லீட்டுத்தான் போயிருக்கறாரு. நான் தூக்கக் கலக்கத்துல சரின்னுட்டு மறந்துட்டேன். வரப்போரத்து எலைய வெட்டி, போட்டுப் பாக்காமயே போட்டுட்டேன்."

அவர் குழி இருந்த பக்கம் பார்த்தார், அப்புறம் ஷெட்டைப் பார்த்தார்.

"ஒரு தட்டுதான?"

"ஒரு தட்டுதான்."

"சரி உடு. அளுகி மத்ததுக்குப் பரவாம அத மொதல்ல எடுத்துப் போடலாம்."

அதோடு விட்டிருக்கலாம். விடமுடியவில்லை. "சத்தம் கொறைய கொறைய, செத்தாத் தேவலைன்னு நெனச்சனுங்க. பூராவும் செத்துட்டா தூங்கலாம்னு. நெசமாவே நெனச்சேன்."

கட்டிலுக்கடியில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். வெயில் இலை இடுக்கில் அவர் முகத்தில் விழுந்தது, தாடி நரைத்திருந்தது, எப்போது நரைத்ததென்று நான் கவனிக்கவில்லை.

"நான் மூணு நாளா அதைத்தான் நெனச்சுட்டு இருக்கறேன்" என்றார். "உங்கிட்டச் சொன்னா அளுவீன்னு சொல்லல."

செருப்பு கிடைக்கவில்லை. வெறுங்காலோடு தட்டிகள் அடுக்கியிருந்த மூலைக்கு நடந்தார், மண் சுட்டதில் குதிகாலால் நடந்தார், ஒரு பெரிய அடுக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார். "வெறிச்சுப் பாத்துட்டு நிக்காத. தட்டியோட அந்தக் கடைசியப் புடி."

நான் கடைசியைப் பிடித்தேன்.